அவன் எப்படிப்பட்ட வேலைக்காரன் என்று கேட்டார்கள்

யூசுப்,

அஸ்ஸலாமு அலைக்கும். பதில் ஸலாம் சொல்வதும் சொல்லாததும் உன் பாடு, நான் சொல்லிவிட்டேன். கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் கேட்காமலே போட்டு வைத்திருக்கிறாய். அதனால்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து எழுதுகிறேன். தீர்ப்பு வந்த மறுநாள் நீ பிரான்சுக்குக் கிளம்பினாய். சென்னை ஏர்போர்ட்டில் உட்கார்ந்து தீர்ப்பு முழுவதையும் போனில் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாய். "அம்மாவைக் கொன்னவனுக்கு நீங்க சர்டிபிகேட் குடுத்தீங்களா அத்தா?" என்று கேட்டாய். நான் ஏதோ சொல்ல வந்தேன், நீ வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு உன் குரலை நான் கேட்கவில்லை. இப்போது மனு மட்டும் வந்திருக்கிறது. செல்வத்துக்குக் கொடுத்த ஆயுள் தண்டனை போதாது, தூக்குத் தண்டனை கேட்டு அரசாங்கம் ஹைகோர்ட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்கிற மனு. உன் கையெழுத்து இருக்கிறது, உன் தங்கை கையெழுத்து இருக்கிறது. மூன்றாவது இடத்தை எனக்காகக் காலியாக விட்டிருக்கிறாய்.

உனக்குத் தெரிந்த கதையைத்தான் திரும்பச் சொல்லப் போகிறேன். பொறுத்துக்கொள். முதலிலிருந்து வரிசையாகச் சொல்லிப் பார்த்தால் எனக்காவது ஏதாவது பிடிபடுமா என்று பார்க்கிறேன். சாரம் பகுதியில் இருக்கும் நம் பாத்திர வாடகைக் கடைக்குச் செல்வம் வந்தபோது அவனுக்கு மீசைகூடச் சரியாக வரவில்லை. தவளக்குப்பத்துப் பையன், அப்பன் இல்லை. நம் தொழிலில் பாத்திரத்தை ஏற்றி அனுப்புவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. கல்யாண வீட்டில் எல்லோரும் தின்றுவிட்டுப் போன பிறகு, அடிப்பிடித்த பிரியாணி தேக்சாவைத் தேடிப் பிடித்து, தேய்த்து, மூடி மாறாமல் திரும்பக் கொண்டுவருவதுதான் வேலை. அதை அவன் செய்தான். நம் வீட்டுச் சாவி அவனிடம் இருந்தது. நம் அடுப்படியில் சாப்பிட்டான். உன் அம்மா அவனுக்கென்று மீன் தலையை எடுத்து வைப்பாள், எனக்குக்கூட வைத்ததில்லை. அம்மா போன அன்றைக்கு நான் வில்லியனூரில் ஒரு மண்டபத்தில் இருந்தேன். போனில் ரம்மி ஆடித் தோற்றவன் பீரோவில் இருக்கும் நகைக்காக வந்திருக்கிறான். மத்தியான லுஹர் தொழுதுவிட்டுப் படுத்திருந்தவள் விழித்துக்கொண்டாள். சத்தம் போடக் கூடாது என்று தலையணையை வைத்து அழுத்தியிருக்கிறான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு மவுத்து வீட்டுக்கு வந்து நாற்காலி போட்டான், வந்தவர்களுக்கு நம் அண்டாவிலேயே டீ போட்டான், கபர்ஸ்தான் வாசலில் நின்று அழுதான். அவன் தோளில் கை வைத்து நான்தான் தேற்றினேன். அதை நினைத்தால் இந்தக் கையை என்ன செய்வது என்று இன்றும் தெரியவில்லை.

அவன்தான் குற்றவாளி என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, கோர்ட்டுக்கும் இல்லை. குற்றவாளி என்று சொல்லிவிட்டால் அதே மூச்சில் தண்டனையும் சொல்லிவிடுவார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். என்ன தண்டனை என்று பேசுவதற்குத் தனியாக ஒரு நாள் குறித்தார்கள். அந்த நாளுக்கு நான் எப்படித் தயாரானேன் என்று உனக்குத் தெரியாது, தெரிந்தால் சிரிப்பாய். நம் மார்க்கத்தில் கொலையானவரின் வாரிசுகளிடம்தான் கேட்பார்கள், தண்டனை வேண்டுமா, மன்னிக்கிறாயா என்று. சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தது அதுதான். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய் உட்கார்ந்தேன். "மன்னிச்சா பெரிய நன்மை பாய். ஆனா கட்டாயம் இல்ல. அது உங்க உரிமை" என்றார். இந்த நாட்டுக் கோர்ட்டில் அது செல்லாது என்றும் சேர்த்துத்தான் சொன்னாராம், பிறகு நினைவுபடுத்தினார். என் காதில் விழுந்தது 'உங்க உரிமை' மட்டும்தான். வீட்டுக்கு வந்து வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்தேன். கண்ணாடி முன்னால் நின்று "மன்னிக்க மாட்டேன் ஐயா" என்று சொல்லிப் பார்த்தேன். குரல் நடுங்கியது. நடுங்காமல் வருகிறவரைக்கும் சொன்னேன்.

கோர்ட்டில் ஜட்ஜ் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. செல்வத்தைப் பார்த்துத்தான் கேட்டார், தண்டனையைப் பற்றி நீ ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று. கொன்றவனைக் கேட்கிறார்கள், பறிகொடுத்தவனைக் கேட்கவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டே, "எங்கம்மாவுக்கு நான் ஒருத்தன்தான் சார்" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கும் பெண்டாட்டி ஒருத்திதான். இடைவேளையில் அரசு வக்கீலைப் பிடித்து, என்னை எப்போது கூப்பிடுவார்கள் என்று கேட்டேன்.

"உங்கள எதுக்கு பாய் கூப்பிடணும்? கேசு அரசாங்கத்துக்கும் அவனுக்கும்" என்றார் அவர்.

"செத்தது என் பொண்டாட்டி சார்."

"இல்லன்னு யாரு சொன்னா? ஆனா தண்டனை உங்களுக்காகக் குடுக்கறது இல்ல. கோவத்தை எல்லாம் கணக்குல எடுத்தா அப்புறம் கோர்ட்டு எதுக்கு? நீங்க வூட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க."

நான் போகவில்லை. உட்கார்ந்து கேட்டேன், கேட்கக் கேட்கத் தலை சுற்றியது. அரசு வக்கீல் எழுந்து, சாப்பாடு போட்டவளையே கொன்றவன், வீட்டுச் சாவியைக் கொடுத்து நம்பியவர்களுக்குத் துரோகம் செய்தவன், இது அரிதினும் அரிதான வழக்கு, தூக்குதான் சரி என்றார். சரியாகத்தானே சொல்கிறார் என்று தோன்றியது. எதிர் வக்கீல் எழுந்து அதே சாவியை எடுத்துக்கொண்டார். இத்தனை வருஷம் சாவி இவனிடம்தான் இருந்தது, ஒரு ஸ்பூன் காணாமல் போகவில்லை, அப்படியானால் இவன் பிறவிக் குற்றவாளி இல்லை, வயது குறைவு, முன்னால் ஒரு வழக்கும் இல்லை, திருந்த வாய்ப்பு இருக்கிறது என்றார். அதுவும் சரியாகத்தான் இருந்தது. உன் அம்மா அவனுக்கு மீன் தலை வைத்தது அவன் கழுத்துக்குக் கயிறா, கயிற்றை அறுக்கிற கத்தியா? ஒருத்தர் இப்படி வைக்கிறார், ஒருத்தர் அப்படி வைக்கிறார். தூக்கு என்பது வேறு வழியே இல்லாதபோது மட்டும்தான் என்று ஜட்ஜ் சொன்னார். வேறு வழி இருக்கிறதா இல்லையா என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசித்தேன். அவருக்கும் அந்த யோசனை இருந்திருக்கும்போல. ஜெயிலில் நடத்தை எப்படி, மனநிலை எப்படி, வெளியில் எப்படி இருந்தான் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு அறிக்கை கேட்டுவிட்டுத் தேதியைத் தள்ளிவைத்தார்.

வெளியே வராண்டாவில் ஒரே ஒரு பெஞ்சுக்கு மேலேதான் ஃபேன் ஓடுகிறது. எனக்கு மூச்சு வாங்கியது, போய் உட்கார்ந்தேன். ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தது செல்வத்தின் அம்மா. பார்த்த பிறகு எழுந்துபோகவும் முடியவில்லை. அந்த அம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டது. "இன்னா பேசறதுன்னு தெரில பாய்" என்றது. "எங்கைக்குக் கெடச்சா நானே அவன அடிச்சிக் கொன்னுடுவேன் பாய். உங்கூட்டுச் சோத்தத் துன்னவன். ஆனா அவுங்க கொல்லப் போறாங்கன்னு சொல்றப்போ வவுறு பத்திக்கினு எரியுது. ரெண்டும் ஒரே வவுறுதான், நான் இன்னா பண்ணட்டும்?" என்றது. நான் எழுந்து வந்துவிட்டேன். ஆறுதல் சொல்ல மனசு வரவில்லை. திட்டவும் வாய் வரவில்லை.

உனக்கு நோணாங்குப்பம் போட் ஹவுஸுக்குப் போனது ஞாபகம் இருக்கிறதா? நீயும் உன் தங்கையும் போட்டில் ஓர இடத்துக்குச் சண்டை போட்டீர்கள். அவள் உன் செருப்பைப் பிடுங்கித் தண்ணீரில் போட்டாள். நீ அழவில்லை, கத்தவில்லை, பேசாமல் இருந்தாய். திரும்பி வருகிற வழியில் அவள் அசந்த நேரம் பார்த்து அவள் புதுச் செருப்பைத் தூக்கி ஆற்றில் போட்டாய். கரைக்கு வந்ததும் அம்மா அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள், உன்னைச் சுடுமணலில் வெறுங்காலோடு நடக்கவிட்டாள். "ரெண்டு பேரும்தான் போட்டோம், எனக்கு மட்டும் ஏன்?" என்று ரோடு வரைக்கும் கத்திக்கொண்டே வந்தாய். அம்மா சொன்னாள், "அவ கோவத்துல போட்டா. நீ யோசிச்சுப் போட்ட." அன்றைக்கு நானும் அம்மா செய்தது அநியாயம் என்றுதான் நினைத்தேன், செருப்புக்குச் செருப்பு சரியாகப் போயிற்றே என்று. கோர்ட்டில் மூன்று வருஷம் உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, பெரிய பெரிய வக்கீல்கள் மணிக்கணக்கில் பேசுவதும் அதைத்தான். திருட யோசித்து வந்தான், கொல்ல யோசித்து வந்தானா? தலையணையைக் கையில் எடுத்த நேரத்துக்கும் கையை எடுத்த நேரத்துக்கும் நடுவில் அவன் யோசித்தானா இல்லையா? அந்த இடத்தில் உன் அம்மாவையும் அவனையும் தவிர யாரும் இல்லை. அவளைக் கேட்க முடியாது, அவன் சொல்வதை நம்ப முடியாது. நீ எதை வைத்து இவ்வளவு உறுதியாகக் கையெழுத்துப் போட்டாய்? தெரிந்தால் சொல், நிஜமாகவே கேட்கிறேன்.

உன் மாமனார் வந்திருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற பழைய சொல்தா, அவருக்கு எதிலும் சந்தேகம் வராது. "தூக்குல போடணும் சம்பந்தி, இதுல என்ன யோசனை?" என்றார். உங்கள் பிரான்சில் தூக்கு உண்டா என்று கேட்டேன். "அங்க எப்பவோ ஒழிச்சிட்டாங்க. அது வேற, இது வேற" என்றார். என்ன வேற என்று கேட்டதற்கு, டீயை வாங்கிக்கொண்டு பிரெஞ்சில் 'மெர்சி' என்று நன்றி சொல்லிவிட்டுக் குடித்தார். நீயும் அந்த நாட்டில்தான் இருக்கிறாய், அந்தப் பாஸ்போர்ட்டைத்தான் வைத்திருக்கிறாய். குத்திக் காட்டவில்லை, குழப்பத்தில் கேட்கிறேன். ஒருத்தன் இந்தக் கரையில் செய்தால் சாக வேண்டும், அந்தக் கரையில் செய்தால் வாழலாம் என்றால், தண்டனை அவன் செய்ததற்கா, அவன் செய்த ஊருக்கா?

சரி, ஆயுள் என்றால் என்ன என்று அரசு வக்கீலிடமே கேட்டேன். "ஆயுள்னா ஆயுள்தான் பாய், சாவற வரைக்கும்" என்றார். கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அடுத்த மூச்சிலேயே, "ஆனா பதினாலு வருஷத்துக்கு அப்பறம் அரசாங்கம் நெனச்சா விடலாம். விட்டே ஆகணும்னு இல்ல" என்றார். அப்படியானால் ஆயுளா, பதினாலா என்றேன். "ரெண்டும்தான்" என்றார். தூக்கு கொடுத்திருந்தால் என்று கேட்டேன். ஹைகோர்ட் உறுதி செய்ய வேண்டும், பிறகு சுப்ரீம் கோர்ட், பிறகு ஜனாதிபதிக்குக் கருணை மனு, அதுவரை அவன் உள்ளேதான் இருப்பான், எத்தனை வருஷம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். ஆக, அவனைத் தூக்கில் போடுவதைப் பார்க்க நான் இருக்க மாட்டேன். அவன் வெளியே வருவதைப் பார்க்கவும் இருக்க மாட்டேன். இரண்டையும் பார்க்கப் போகிறவன் நீ. அதனால்தான் உனக்கு இவ்வளவு கோபமோ என்று சில சமயம் தோன்றுகிறது.

இப்போது அந்தச் சர்டிபிகேட் விஷயத்துக்கு வருகிறேன். ஜட்ஜ் கேட்ட அறிக்கைகளில் ஒன்று நன்னடத்தை அலுவலருடையது. குற்றவாளியின் வீடு, தெரு, வேலை பார்த்த இடம் எல்லாம் போய் விசாரித்து, ஆள் எப்படிப்பட்டவன் என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலை. அன்றைக்கு மத்தியானம் கடையில் நான் தனியாக இருந்தேன். முப்பது வயதிருக்கும், ஸ்கூட்டியில் ஒரு பெண் வந்து இறங்கியது. "செல்வம்னு ஒருத்தர் இங்க வேலை பார்த்தாரா சார்?" என்று கேட்டது. பார்த்தான் என்றேன். பெயரைக் கேட்டது, சொன்னேன். பைலைப் புரட்டிப் பார்த்ததும் அதன் முகம் மாறிவிட்டது. "சார், அப்ப நீங்கதான்…" என்று நிறுத்தியது. "ஆமாம்மா, நான்தான்" என்றேன். அவனுக்கு நம்மைத் தவிர வேறு முதலாளியே கிடையாது. வேலையில் எப்படி என்று கேட்க வேண்டுமானால் உலகத்தில் என் ஒருத்தனிடம்தான் கேட்க முடியும். "வேற யாரையாவது விசாரிச்சுக்கறேன் சார்" என்று அது கிளம்பப் பார்த்தது. நான்தான் உட்கார் என்றேன். எனக்கு உள்ளுக்குள் ஒரு ஆசை, இப்போதாவது கேட்பார்கள், மன்னிக்கிறீர்களா என்று. வாயில் பதில் தயாராக இருந்தது.

அந்தக் கேள்வி வரவில்லை. நேரத்துக்கு வருவானா என்று கேட்டது. வருவான் என்றேன். குடிப்பானா? இல்லை. மற்றவர்களோடு அடிதடி? இல்லை. தப்பு செய்தால் ஒத்துக்கொள்வானா? யோசித்தேன். ஒருமுறை முத்தியால்பேட்டைக் கல்யாணத்தில் மூடியை மாற்றி எடுத்து வந்துவிட்டான். நான் கேட்பதற்கு முன்னாலேயே வந்து சொல்லிவிட்டு, மழையில் திரும்பப் போய் மாற்றிக்கொண்டு வந்தான். அதைச் சொன்னேன். கண்டித்தால் எப்படி எடுத்துக்கொள்வான் என்று கேட்டது. "ஒரு தடவ சொன்னா போதும்மா. ரெண்டாவது தடவ சொல்ல வேண்டியதே இல்ல அவனுக்கு" என்றேன். இது எந்த முதலாளியைக் கேட்டாலும் ஒரு நல்ல வேலைக்காரனைப் பற்றிச் சொல்கிற வார்த்தை. அது இங்கிலீஷில் போய்த் தீர்ப்பில் உட்கார்ந்துகொண்டு, 'இறந்தவரின் கணவரே, குற்றவாளி கண்டிப்பை ஏற்றுத் திருந்தும் இயல்புடையவர் என்று கூறியிருப்பது குறிப்பிடத்தக்கது' என்று ஆகியிருக்கிறது. வக்கீல் படித்துத் தமிழில் சொன்னபோது, இது யார் சொன்னது என்று நானே கேட்டேன்.

நீ அன்றைக்குப் போனை வைக்காமல் இருந்திருந்தால், எனக்கு என்ன தெரியும், வேலையைப் பற்றிக் கேட்டாள், வேலையைப் பற்றிச் சொன்னேன், அது அவன் உயிரைக் காப்பாற்றும் என்று யார் கண்டது என்று சொல்லியிருப்பேன். உன் தங்கையிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய், யூசுப். அந்தப் பெண் எழுதியதை எல்லாம் எனக்குத் திரும்பப் படித்துக் காட்டியது. அந்த இடம் வந்ததும் நிறுத்தியது. "சார், திருந்துவானா மாட்டானாங்கறதுதான் இதுல முக்கியம். நீங்க சொன்னதா இது இருந்தா அவனுக்கு ரொம்பச் சாதகமாப் போயிடும். நீங்க சொல்லியே ஆகணும்னு சட்டம் இல்ல. வேணான்னா இப்பவே அடிச்சிடறேன்" என்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. நான் "இருக்கட்டும்மா" என்றேன். தெரிந்துதான் சொன்னேன்.

ஏன் என்று என்னைக் கேட்காதே. மன்னித்துவிட்டேனா என்றால் இல்லை. தொழுதுவிட்டுக் கையேந்தும்போது அவன் நினைப்பு வந்தால் துஆ பாதியில் நின்றுவிடுகிறது. அவன் அம்மாவைப் பார்த்து மனம் இளகியதா என்றால், அதுவும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். அவன் மழையில் திரும்பப் போனது நடந்தது. உன் அம்மாவின் முகத்தில் தலையணையை அழுத்தியதும் நடந்தது. இரண்டாவது நடந்ததால் முதலாவது நடக்கவில்லை என்று எனக்குச் சொல்ல வரவில்லை, அவ்வளவுதான். இது நியாயமா, இல்லை உன் அம்மாவுக்கு நான் செய்த துரோகமா? ஒரு நாள் இப்படித் தோன்றுகிறது, ஒரு நாள் அப்படி. உனக்குப் புத்தி சொல்கிற நிலையில் நான் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன், எந்த மனிதனைப் பற்றியாவது உன்னிடம் யாராவது கேட்டு, உன் பதிலில் அவன் உயிர் தொங்கினால், அப்போது வருகிற பதில் நீ வீட்டில் ஒத்திகை பார்த்த பதிலாக இருக்காது.

மனுவில் கையெழுத்துப் போட்டால் நீ மறுபடியும் என்னோடு பேசுவாய். அது எனக்குத் தெரியும். பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் கழுத்தைக் கொடுத்து என் பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று நிஜமாகவே யோசித்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். முடியவில்லை. கையெழுத்து இல்லாமலே அதை இதோடு வைத்து அனுப்புகிறேன். என்னை விட்டுவிட்டு நீங்கள் இருவரும் கொடுத்துக்கொள்ளுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். அம்மா நினைவாக ஓதுகிற வருஷ பாத்திஹாவுக்கு வருவாய் என்று உன் தங்கை சொன்னாள். வா. வீட்டுக்கு வர வேண்டாம், மாமனார் வீட்டிலேயே தங்கு. என்னோடு ஒரு வார்த்தை பேச வேண்டாம். அம்மாவின் கபருக்கு மட்டும் நாம் தனித்தனியாகப் போக வேண்டாம்.

அத்தா